கழுத்தில் இருந்த பயம்

முதலில் கோணியது ஒரு சீனி ரோஜா.

கலியாணக் கேக் ஒன்றுக்கு ஐசிங் பிழிந்துகொண்டிருந்தேன். இதழின் விளிம்பு நேராக வராமல் அலைந்தது. ஐசிங் இளகிவிட்டது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் சீனித்தூள் போட்டு அடித்தேன். மறுபடியும் அலைந்தது. பிழை ஐசிங்கில் இல்லை, என் கையில்தான் என்று ஒப்புக்கொள்ள எனக்குச் சில கிழமைகள் எடுத்தன. என் சுபாவம் அப்படி. என்னில் பிழை என்றால் முதலில் சீனியைத்தான் திட்டுவேன்.

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்களுக்கு ஒரு மாடிவீடு. கணவர் சிவநேசனுக்குப் புறக்கோட்டையில் மின்சாரச் சாமான் கடை. மகள் மயூரி உயர்தரத்தில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தாள். நான் வீட்டிலிருந்து கேக் செய்து கொடுப்பவள். யுத்தகாலத்திலும் சனம் கலியாணம் கட்டியது, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது, பிறந்தநாள் கொண்டாடியது. எனக்கு வேலைக்குக் குறைவிருக்கவில்லை.

கை நடுக்கத்தோடு மற்றவையும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. படியேறாமலே நெஞ்சு படபடத்தது. மார்கழிக் காற்றிலும் வியர்த்தது. சாப்பாடோ இரட்டிப்பு, உடம்போ பாதி. சட்டைகளைப் பிடித்துத் தைத்துத் தைத்து எனக்கே அலுத்துப்போனது. கண்கள் வேறு பெரிதாகி, யாரைப் பார்த்தாலும் பேயைக் கண்டவள் போல முழித்தேன்.

இதை வாசிக்கிற உங்களில் சிலருக்கு இந்நேரம் நோயின் பெயர் தெரிந்திருக்கும். எங்களுக்குத் தெரியவில்லை. ஏனென்றால் எங்களிடம் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. பயம்.

அந்த வருடங்களில் கொழும்புத் தமிழர் யாரைக் கேட்டாலும் நெஞ்சு படபடக்கிறது என்றுதான் சொல்வார்கள். கதவு தட்டினால் படபடக்கும். அடையாள அட்டையை எடுத்தோமா என்று நடுவீதியில் யோசனை வந்தால் படபடக்கும். நித்திரை வராததும் சோறு செரிக்காததும் எல்லோருக்கும் பொது. ஒழுங்கை முனையிலிருந்த டொக்டரிடம் போனேன். அவர் என்னைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இந்தக் காலத்தில் யாருக்குத்தான் பயமில்லை என்று சொல்லி நித்திரைக் குளிசை எழுதித் தந்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அன்று காலையில் எனக்கு முன்னால் எத்தனை பேர் அதே கதையைச் சொல்லிவிட்டுப் போனார்களோ.

பயத்துக்கு எங்கள் ஒழுங்கையில் வைத்தியம் ஏராளம். கீழ்வீட்டு ஃபரீதா ராத்தா (முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள்) ஓதின தண்ணீர் கொண்டுவந்து, தான் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே என்னைக் குடிக்கவைத்தார். கொட்டாஞ்சேனையில் என்னிடம் கேக் வாங்கும் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று அந்தோனியாருக்கு எனக்காக மெழுகுதிரி கொளுத்தியது. எங்கள் கோயில் ஐயர் கறுப்பு நூல் ஓதித் தந்தார். கையில்தான் கட்டியிருக்க வேண்டும். என் கையோ நாள் முழுக்க மாவிலும் வெண்ணெயிலும் கிடக்கிற கை. அதனால் கழுத்தில் கட்டிக்கொண்டேன்.

மயூரி பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். கழுத்தில் கறுப்பு நூலில் நஞ்சுக் குப்பி கட்டித் திரிபவர்களைத் தேடித்தானே ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் பெண்களின் கழுத்தைத் தடவுகிறார்கள், பயம் போகவென்று அதையேயா கட்டினீர்கள் என்று கேட்டாள். எனக்குச் சுரீர் என்றது. இருந்தாலும் ஓதிக் கட்டிய நூலை அவிழ்க்க மனம் வரவில்லை. சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு திரிந்தேன்.

இதற்கிடையில் வீட்டில் வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. கணவரின் தம்பி கனடாவில். இவர் அவரோடு அடிக்கடி தொலைபேசியில் கதைக்கத் தொடங்கினார். பிறகு கடையை வாங்க ஆள் பார்த்துவிட்டதாகச் சொன்னார்.

“உம்மட கையைப் பாத்துக்கொண்டு என்னால இஞ்ச இருக்கேலாது. குடுத்திட்டுப் போவம்.”

எனக்குப் போக விருப்பமே இல்லை. இதை வீரமாக நினைத்துவிட வேண்டாம். கேக் சுடும் என் அவன் அடுப்பு இங்கே, என் வாடிக்கையாளர் இங்கே, மயூரியின் உயர்தரச் சோதனை இங்கே. மாலையில் மொட்டைமாடியில் உப்புக்காற்றில் நின்று, கரையோர ரயிலில் சனம் தொங்கிக்கொண்டு போவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். ஆனால் எனக்குப் பயமில்லை என்று சொல்ல வாயெடுத்தால் கையிலிருக்கும் தேத்தண்ணிக் கோப்பை தட்டில் கடகடவென்று அடித்தது. அதற்குமேல் என்ன வாதாடுவது? என் உடம்பே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. அழுகைதான் வந்தது. அதையும் பயம் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் ஞானஸ்நானக் கேக் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு முச்சக்கர வண்டியில் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். வழியில் ஒரு சோதனைச்சாவடியில் மறித்து இறக்கினார்கள். பெண்களுக்குச் சாக்கால் மறைத்த தனி அறை. உள்ளே ஓர் இளம் பொலிஸ்காரி. என் கை நடுங்குவதையும் கண் முழிப்பதையும் பார்த்து அவளுடைய முகம் இறுகியது. சேலைத் தலைப்பை விலக்கினாள். நூலைக் கண்டாள்.

அந்த நேரம் என் நெஞ்சு அடித்த அடி வெளியே சாரதிக்கும் கேட்டிருக்கும். அவள் நூலை இழுத்துப் பார்க்க உள்ளே விரலை விட்டாள். விரல் போகவில்லை. கட்டியபோது தாராளமாகக் கிடந்த நூல். குளித்துக் குளித்துச் சுருங்கிவிட்டது என்று நான் நினைத்திருந்தேன். அவள் நூலை விட்டுவிட்டு என் கழுத்தை மெதுவாகத் தடவினாள். எச்சில் விழுங்கச் சொன்னாள். விழுங்கினேன்.

“பய வென்ன எப்பா” (பயப்படாதீர்கள்) என்றாள். பிறகு சிங்களத்தில் சொன்னாள்: தன்னுடைய அக்காவுக்கும் கழுத்து இப்படித்தான் வீங்கியது, கையும் இப்படித்தான் நடுங்கியது, பெரிய டொக்டர் ஒருவரிடம் காட்டுங்கள். கேக் பெட்டியைத் திறந்து, மேலே நான் சீனியில் செய்து வைத்திருந்த குழந்தைச் சப்பாத்துச் சோடியைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு மூடித் தந்தாள். 

அந்தக் கிழமையே ஃபரீதா ராத்தா எங்கேயோ விசாரித்துச் சுரப்பி நோய்களைப் பார்க்கும் டொக்டர் ஒருவரிடம் நாள் எடுத்துத் தந்தார். கணவரும் மயூரியும் கூட வந்தார்கள். டொக்டர் தமிழர், மட்டக்களப்புப் பக்கம். சுருக்கமாகக் கதைப்பவர். இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி மேலே ஒரு கடதாசியை வைத்தார். கடதாசி படபடவென்று அடித்துக்கொண்டது. கழுத்தில் குழாயை வைத்துக் கேட்டார். இரத்தம் அங்கே இரைந்து ஓடுகிறது என்றார்.

“உங்களுக்குப் பயமோ?”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்லினம், டொக்டர்.”

“நான் உங்களைக் கேட்டனான்.”

 உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை.

இரத்தப் பரிசோதனை முடிவோடு திரும்பப் போனபோது நோயின் பெயரைச் சொன்னார். கிறேவ்ஸ் நோய் (உடலின் எதிர்ப்புச் சக்தியே தைரொயிட் சுரப்பியை ஓயாமல் தூண்டிவிடும் நோய்). அன்று அவர் சொன்னதையும், பிறகு குசினியில் சட்டி கழுவிக்கொண்டே மயூரி விளக்கியதையும் சேர்த்து எனக்கு விளங்கியபடி சொல்கிறேன். எனக்கே விளங்கியதென்றால் உங்களுக்கும் விளங்கும்.

நம் உடம்பின் கலங்கள் (செல்கள்) ஒன்றோடொன்று செய்தியால் பேசிக்கொள்கின்றன. மூளைக்கு அடியிலிருக்கும் கபச்சுரப்பி, கழுத்திலுள்ள தைரொயிட்டுக்கு ஓர் ஓமோனை (ஹார்மோனை) அனுப்புகிறது. அந்த ஓமோன் தைரொயிட் கலத்துக்குள் போவதில்லை. கலத்தின் மேற்பரப்பில் வாங்கி (ஓமோன் வந்து பொருந்தும் புரதம்) இருக்கிறது. ஓமோன் அதில் வெளியே பொருந்த, வாங்கியின் உட்பக்கம் வடிவம் மாறுகிறது. உள்ளே அதைத் தொட்டிருக்கும் புரதம் விழித்து இன்னொன்றை எழுப்ப, அது மற்றொன்றை எழுப்ப, செய்தி கலத்தின் கரு வரை போகிறது. தைரொக்சின் (உடம்பின் வேகத்தை நிர்ணயிக்கும் ஓமோன்) சுரக்கிறது. இரத்தத்தில் அது போதுமான அளவு சேர்ந்ததும் கபச்சுரப்பி அனுப்புவதைக் குறைக்கும். வாங்கியை விட்டு ஓமோன் விலகும். கலம் அடங்கும்.

எனக்கு வந்தது என்னவென்றால், என் உடம்பே ஒரு பிறபொருளெதிரியை (கிருமிகளைப் பிடிக்க உடல் செய்யும் புரதம்) தவறாகச் செய்து அனுப்பியிருக்கிறது. அது அதே வாங்கியில் அச்சொட்டாகப் போய்ப் பொருந்துகிறது. ஓமோனா, வேறொன்றா என்று கலத்துக்குப் பிரித்தறியத் தெரியாது. வேலையைத் தொடங்கிவிடும். போதும் என்று சொல்லவோ யாருமில்லை. கபச்சுரப்பி எப்போதோ நிறுத்திவிட்டது. பிறபொருளெதிரி நிறுத்தாது. என் அவன் அடுப்பில் சூடு போதுமென்றதும் சிவப்பு விளக்குத் தானே அணைய வேண்டும். அணையாவிட்டால் கேக் கருகும். நான் கருகிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொன்னார். அதைத்தான் நான் இன்றுவரை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். பயந்தால் உடம்பில் அதிரனலின் சுரக்கும். இதயத்தின் கலங்களில் அதற்கும் வாங்கிகள் உண்டு. தைரொக்சின் அளவுக்கு மிஞ்சினால் அந்த வாங்கிகளின் எண்ணிக்கை கூடும்.

“உங்கட பயம் பொய்யில்லை, அம்மா. ஆனா கால்வாசிப் பயம் வந்தாலும் உங்கட இதயத்துக்கு அது முழுசாக் கேக்குது.”

அப்படியென்றால் என் சொந்தப் பயம் எவ்வளவு என்று கேட்டேன். மருந்து வேலை செய்த பிறகு நீங்கள்தான் எனக்குச் சொல்லவேண்டும் என்றார்.

வெளியே வந்ததும் கணவரைப் பிடித்துக்கொண்டேன். நீளமான அந்த நடைவழியில் சனம் வாங்குகளில் (பெஞ்சுகளில்) வரிசையாக இருந்தது. எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சொன்னேன்.

“கடை விக்கிறதை நிப்பாட்டுங்கோ. முதல் என்ர பயம் எவ்வளவு எண்டு பாப்பம். அதுக்குப் பிறகு முடிவெடுப்பம்.”

அவர் வாங்குபவரிடம் தவணை கேட்பதாகச் சொன்னார். முகம் வாடித்தான் இருந்தது. ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. எனக்கு நோய் என்று தெரிந்த சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். பைத்தியமில்லை, கோழையில்லை, நோய்தான் என்று தெரிவது பெரிய சந்தோஷம்.

இரண்டு மருந்துகள். ஒன்று காபிமசோல் (தைரொயிட் புதிதாக ஓமோன் செய்வதைத் தடுப்பது). இது உடனே பலன் தராது. ஏற்கெனவே செய்து சேர்த்து வைத்திருப்பது தீரவேண்டும். குளிசை வேலை செய்யவில்லை என்று பாதியில் விட்டுவிடாதீர்கள். இரண்டாவது புரோப்பிரனலோல். இது அதிரனலினுக்குரிய வாங்கியில் போய் இருந்துகொள்ளும், ஆனால் கலத்தை எழுப்பாது. இடத்தைப் பிடித்து வைத்திருக்கும், அவ்வளவுதான். அதிரனலின் வந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியது. இதைக் குடித்த அன்று பின்னேரமே என் நெஞ்சு தணிந்தது. நான் கட்டிலில் படுத்து, ஒவ்வொரு துடிப்பாக அது போவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உங்களுக்கு இழுப்பு வருத்தம் (ஆஸ்துமா) இருந்தால் டொக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இழுப்புக்காரருக்கு இந்தக் குளிசை ஆகாது.

ஒருமுறை காய்ச்சலோடு தொண்டை நோவு வந்தது. காபிமசோல் எடுப்பவர்களுக்கு அது சும்மா தொண்டை நோவு அல்ல. அரிதாகச் சிலருக்கு வெண்குருதிக் கலங்கள் (கிருமியோடு போராடும் இரத்தக் கலங்கள்) அடியோடு விழுந்துவிடும் என்று டொக்டர் முதல் நாளே எச்சரித்திருந்தார். குளிசையை நிறுத்திவிட்டு ஓடிப்போய்ப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தோம். ஒன்றுமில்லை, வெறும் தடிமன் (சளி) என்று வந்தது. வீண் அலைச்சல் என்று கணவர் முணுமுணுத்தார். நீங்கள் அந்த வீண் அலைச்சலைக் கட்டாயம் அலையுங்கள்.

கண்தான் கடைசிவரை மல்லுக்கட்டியது. கண்ணுக்குப் பின்னாலுள்ள இழையங்களின் (திசுக்களின்) கலங்களிலும் அந்த வாங்கி இருக்கிறதாம். நோயெதிர்ப்புக் கலங்கள் அங்கே போய்க் குவிந்து சைற்றோகைன்களை (அக்கலங்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சிறு புரதச் செய்திகள்) வெளிவிட்டன. சைற்றோகைனுக்கும் தனி வாங்கி உண்டு. அதில் அது பொருந்தப் பொருந்தக் கண்ணின் பின்னால் இருக்கும் கலங்கள் பெருகி, நீர்கோத்து, கண்ணை முன்னால் தள்ளின. அதற்குச் சிலகாலம் ஸ்டெரொயிட் குளிசை தந்தார். அது மட்டும் வெளியே நிற்பதில்லை, நேரே கலத்துக்குள் போகிறது. அதன் வாங்கி உள்ளேதான் இருக்கிறது. இரண்டுமாகக் கருவுக்குள் போய், சைற்றோகைன் செய்யும் வேலையை அடக்கும். முகம் பூசணிக்காய் போல வீங்கியது. கோபம் முணுக்கென்று வந்தது. ஃபரீதா ராத்தா, இப்போதுதான் உனக்கு உன் குணம் திரும்பியிருக்கிறது என்று பகிடி விட்டார்.

மாதங்கள் போகப் போக உடம்பு திரும்பி வந்தது. பிடித்துத் தைத்த சட்டைகளைப் பிரித்துவிட்டேன். புரோப்பிரனலோலைக் குறைத்து, பிறகு டொக்டரே நிறுத்தினார். ஒரு காலையில் ரோஜா ஒன்றைப் பிழிந்தேன். இதழ் நேராக நின்றது. உடனே இன்னொன்று. தட்டு நிறைய ரோஜா பிழிந்து அடுக்கினேன். அன்று யாருக்கும் கேக் இல்லை. மயூரியும் கீழ்வீட்டுப் பிள்ளைகளும் தின்று தீர்த்தார்கள்.

அதற்குள் கடையை வாங்குபவர் தந்த தவணையும் முடிய வந்தது. டொக்டர் என்னைக் கேட்ட கேள்வி இன்னமும் அப்படியே கிடந்தது. சோதனைச்சாவடிகளைத் தாண்டும்போது நெஞ்சைக் கவனித்தேன். அடித்தது. இறங்கியது. ஆனால் இவரிடம் போய் எனக்கு இவ்வளவுதான் பயம் என்று எப்படிச் சொல்லிக் காட்டுவது?

ஒரு ஞாயிறு காலை, இடியப்பம் அவிந்துகொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. இரண்டு பொலிஸார், ஓர் ஆமிக்காரர். வீட்டில் யார் யார், பொலிஸ் பதிவு எங்கே, அடையாள அட்டை எங்கே. வழமையான சோதனைதான், ஆனால் வழமை என்பதால் பயம் குறைந்துவிடாது. அந்த மாதம் எங்கள் ஒழுங்கையிலிருந்து கூட்டிக்கொண்டு போன ஒரு பொடியன் இன்னும் திரும்பவில்லை. என் நெஞ்சு குதித்தது. குதிக்கவேண்டிய இடம்தான்.

கணவர் அறைக்குள்ளிருந்து பதிவுக் கடதாசியைக் கொண்டுவந்தார். அது அவருடைய கையில் சரசரவென்று அடித்தது. பொலிஸ்காரர் கடதாசியை விட்டுவிட்டு அவருடைய முகத்தைப் பார்த்தார். ஏன் நடுங்குகிறாய் என்று சிங்களத்தில் கேட்டார். 

நான் கடதாசியை வாங்கி நீட்டினேன். என் கை அசையவில்லை. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்: மாத்தயா (ஐயா), இவருக்குத் தைரொயிட் வருத்தம், கை அப்படித்தான் நடுங்கும், மருந்து எடுக்கிறார். மேசையிலிருந்த என் குளிசைப் போத்தலையும் தூக்கிக் காட்டினேன். அவர் போத்தலைப் பார்த்தார், என் கண்ணைப் பார்த்தார், கடதாசியைத் திருப்பித் தந்தார். போய்விட்டார்கள்.

கதவைச் சாத்திவிட்டு எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் சிரிக்கவில்லை. கதிரையில் இருந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவ்வளவு நாளும் நடுங்கினது நீர். பயந்தது நான்” என்றார். “உம்மட கை நடுங்கேக்குள்ள எனக்கு ஒருவிதத்தில சுகமா இருந்தது. மனிசிக்குப் பயம், அதுதான் போறம் எண்டு சொல்லலாம்தானே. எனக்கு எண்டு எப்பிடிச் சொல்லுறது?”

எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. இத்தனை காலமும் இந்த மனுஷன் புறக்கோட்டைக்கு ஒவ்வொரு நாளும் எப்படிப் போய் வந்தார் என்றுதான் நெஞ்சு உருகியது. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அப்ப போவமோ?” என்று கேட்டேன். மனதாரத்தான் கேட்டேன். அவர் ஓம் என்றிருந்தால் அன்றே சாமான் கட்டியிருப்பேன்.



“வேண்டாம். சொன்னாப் பிறகு கொஞ்சம் லேசா இருக்கு. பிள்ளையின்ர சோதினையும் முடியட்டும். நீர் இப்பிடி வாய்கூசாமல் பொய் சொல்லுவீர் எண்டா இஞ்ச சமாளிக்கலாம்.”

மறுநாள் வாங்குபவரிடம் கடை விற்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். யுத்தம் முடியவில்லை. கதவு பிறகும் தட்டப்பட்டது. அவர் பிறகும் நடுங்கினார். நானும் சில நாட்கள் நடுங்கினேன், அந்த அளவு எவ்வளவோ அதுதான் என் சொந்தப் பயம்.

நோய் இருந்த காலத்தில் உலகம் மெதுவாகப் போவதாகத் தோன்றும். கதைப்பவர்கள் வசனத்தை முடிக்கமாட்டார்கள், கேதிலில் தண்ணீர் கொதிக்காது, ரயில் வராது. உண்மையில் நான்தான் எல்லோருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது எனக்கும் உலகத்துக்கும் நேரம் ஒத்துப்போகிறது. கண் இன்னும் முழுதாக உள்ளே போகவில்லை, வெயிலில் கூசும். மாதத்துக்கொருமுறை பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கிறேன். அதெல்லாம் பெரிய காரியமில்லை.

அந்த ஞாயிறு, அவருடைய கை என் கைக்குள் இருந்தபோது, நான் மற்றக் கையால் என் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். பொலிஸார் படியிறங்கும்போது குதித்துக்கொண்டிருந்தது. நாங்கள் கதைத்து முடிக்கையில், நெஞ்சைத் தணிக்கும் குளிசை எதுவும் இல்லாமல், யாரும் சொல்லாமல், தானாக இறங்கியிருந்தது. வந்த செய்தி வந்த வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இவருடைய நாடியையும் பிடித்தேன். இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அது இறங்கும்வரை இருவரும் அப்படியே இருந்தோம்.